நெருப்பின் கணக்கு

வடசென்னையின் ராயபுரத்தில் பிரெட் என்றால் முதலில் நினைவுக்கு வருவது காய்ச்சல். ஸ்டான்லி மருத்துவமனைக்கு நோயாளியைப் பார்க்கப் போகிறவர் கையில் ஒரு பிரெட் பாக்கெட் இருக்கும். வீட்டில் யாருக்காவது உடம்பு முடியவில்லை என்றால், பாலில் தோய்த்த பிரெட்தான் முதல் ஆகாரம். உடம்பு தெம்பாக இருக்கும் நாட்களில் அதே கோதுமை வேறு உருவத்தில் வரும்: டீயில் முக்கிச் சாப்பிடும் பொறை, டீக்கடைப் பன், பட்டர் பிஸ்கட். காசிமேட்டில் மீன் ஏலத்துக்கு நிற்பவருக்கும், திருவொற்றியூர் ஆலை வாசலில் இரவு ஷிப்ட் முடிந்து வருபவருக்கும் விடியற்காலைப் பசியை ஆற்றுவது அதுதான்.

இப்போது பிரெட் மாதாந்திர மளிகைச் செலவிலும் இடம்பிடித்துவிட்டது. பிள்ளைகளின் டிபன் பெட்டிக்கு ஒன்று, அவசரக் காலைக்கு ஒன்று என்று வாரத்துக்கு மூன்று பாக்கெட் வாங்கும் வீடுகள் எங்கள் தெருவிலேயே உண்டு. 400 கிராம் பாக்கெட் 50 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், மாதத்துக்கு 600 ரூபாய்க்கு மேல். “இதை வீட்டிலேயே செய்தால் என்ன? மாவு என்ன அவ்வளவு விலையா?” என்ற கேள்வி இயல்பாகவே எழுகிறது.

நல்ல கேள்வி. இதற்குப் பதில் சொல்ல வேதியியல், நுண்ணுயிரியல், வெப்பவியல் மூன்றும் வேண்டும். ஒவ்வொன்றாகப் பார்ப்போம். கடைசியில் ஒரு ரூபாய்க் கணக்கும் போட்டுவிடுவோம்.

கப்பலில் வந்த தானியம்

கோதுமை நம் மண்ணின் பயிர் அல்ல. நீலகிரி போன்ற குளிர்ந்த மலைப்பகுதிகளை விட்டால் தமிழ்நாட்டின் வெயிலில் அது பெரிய அளவில் விளைவதில்லை. சென்னைக்கு அது எப்போதும் கப்பலிலும் ரயிலிலும்தான் வந்திருக்கிறது. 1856-இல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் புறப்பட்டது இதே ராயபுரம் நிலையத்திலிருந்து. அருகிலேயே துறைமுகம். வெளியூர்ச் சரக்கு எது வந்தாலும் முதலில் வடசென்னையின் தோள்களில்தான் இறங்கியது.

சுதந்திரத்துக்குப் பிறகு உணவுப் பஞ்சம் நாட்டை வாட்டியபோது, பி.எல். 480 என்ற அமெரிக்கச் சட்டத்தின் கீழ் கப்பல் கப்பலாகக் கோதுமை வந்தது. அரிசி கிடைப்பது அரிதாக இருந்த காலம் அது. 1967 தேர்தலில் ‘ரூபாய்க்கு மூன்று படி அரிசி’ என்ற வாக்குறுதி தமிழ்நாட்டையே அசைத்தது என்றால் நிலைமையை ஊகித்துக்கொள்ளலாம். அந்தக் காலத்தில்தான், 1965-இல், மத்திய அரசு ‘மாடர்ன் பேக்கரீஸ்’ என்ற பொதுத்துறை நிறுவனத்தைத் தொடங்கியது. சென்னை உள்ளிட்ட நகரங்களில் ஆலைகள் எழுந்தன. மெழுகுத் தாளில் சுற்றிய, துண்டு போட்ட பிரெட் சாதாரணக் குடும்பங்களுக்கும் எட்டியது. 2000-ஆம் ஆண்டு அந்த நிறுவனத்தின் 74 சதவீதப் பங்கு இந்துஸ்தான் லீவருக்கு விற்கப்பட்டது.

மலிவான பிரெட்டைத் தருவது அரசின் வேலை என்று ஒருகாலத்தில் ஒரு நாடே நினைத்தது. அதற்கு அது தேர்ந்தெடுத்த வழி பெரிய ஆலை. ஏன் பெரிய ஆலை? அந்தக் காரணம்தான் இந்த அத்தியாயத்தின் மையம். அதற்கு முன் மாவைப் பிசைந்துவிடுவோம்.

குழாயடியில் ஒரு சோதனை

ஒரு கைப்பிடி மைதாவைக் கெட்டியாகப் பிசைந்து உருண்டையாக்குங்கள். பதினைந்து நிமிடம் ஈரத்துணி போட்டு மூடி வையுங்கள். பிறகு ஒரு பாத்திரத் தண்ணீருக்குள் அந்த உருண்டையை மெதுவாக அழுத்தி அழுத்திக் கழுவுங்கள். தண்ணீர் பால் போல வெளுக்கும், அது மாவுச்சத்து. தண்ணீரை மாற்றி மாற்றிக் கழுவினால், சில நிமிடங்களில் உங்கள் கையில் மிஞ்சுவது சாம்பல் கலந்த மஞ்சள் நிறத்தில் ஒரு பிசுக்கு. இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும். மென்ற சூயிங்கம் போல இருக்கும்.

இதை முதலில் செய்து காட்டியவர் இத்தாலியின் பொலோனா நகரத்து மருத்துவர் பெக்காரி, ஆண்டு 1728. அந்தப் பிசுக்குக்கு இன்று குளூட்டன் என்று பெயர். கோதுமையில் குளூட்டனின், கிளையாடின் என்று இரண்டு வகைப் புரதங்கள் இருக்கின்றன. உலர்ந்த மாவில் அவை தனித்தனியாகக் கிடக்கும். தண்ணீர் பட்டுக் கை அழுத்தமும் சேர்ந்ததும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு வலையாகின்றன. ஒன்று மீள்தன்மையைக் கொடுக்கிறது, மற்றது நீளும் தன்மையை.

இதே சோதனையை அரிசி மாவில் செய்து பாருங்கள். எல்லாம் தண்ணீரோடு போய்விடும். கையில் எதுவும் மிஞ்சாது. அரிசியில் புரதம் உண்டு, வலை கிடையாது. அதனால்தான் அரிசியில் இட்லி செய்ய உளுந்தின் வழவழப்பு துணைக்கு வரவேண்டியிருக்கிறது. கோதுமைக்கு அந்தத் துணை வேண்டாம். பலூனுக்கான ரப்பர் அதன் உள்ளேயே இருக்கிறது.

மாவு பதம் வந்துவிட்டதா என்று பார்க்க ஒரு எளிய வழி: நெல்லிக்காய் அளவு கிள்ளி, நான்கு விரல்களால் மெல்ல விரியுங்கள். கிழியாமல், வெளிச்சம் ஊடுருவும் அளவுக்கு மெல்லிய ஜவ்வாக விரிந்தால் வலை தயார். கிழிந்தால் இன்னும் பிசைய வேண்டும், அல்லது சற்று ஓய்வு கொடுக்க வேண்டும். பிசைவதில் பாதி வேலையை ஓய்வே செய்துவிடும். தண்ணீர் ஊறினாலே புரதங்கள் தாமாகக் கைகோக்கத் தொடங்கும்.

நம் ஊர் வெயிலுக்கு ஈஸ்ட்

வலை தயார், அதை ஊதிப் பெருக்குவது ஈஸ்ட். கண்ணுக்குத் தெரியாத ஒற்றைச் செல் பூஞ்சை. மாவிலுள்ள சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலையும் கார்பன் டை ஆக்சைடையும் வெளிவிடும். ஒரு கிராம் சர்க்கரை முழுவதும் நொதித்தால் கால் லிட்டருக்கு மேல் வாயு கிடைக்கும். ஐந்தாறு கிராம் சர்க்கரையே ஒரு பிரெட்டை உப்ப வைக்கப் போதும்.

நான் முதன்முதலாக வீட்டில் பிரெட் செய்தபோது ஒரு ஆங்கிலச் சமையல் நூலை எழுத்துப் பிசகாமல் பின்பற்றினேன். வெதுவெதுப்பான தண்ணீர், ஏழு கிராம் ஈஸ்ட், ஒன்றரை மணி நேரம் காத்திருக்கவும் என்றது நூல். மே மாதம். ஒரு மணி நேரத்தில் மாவு கிண்ணத்தை விட்டு வழிந்து, நடுவில் குழி விழுந்து, புளித்த கள்ளின் வாசனை அடித்தது. சுட்டெடுத்தபோது மேலே தட்டையாகவும் உள்ளே பெரிய பெரிய ஓட்டைகளாகவும் இருந்தது.

தவறு நூலில் இல்லை. அது எழுதப்பட்ட ஊரின் தட்பவெப்பத்தில் இருந்தது. அங்கே சமையலறை 21 அல்லது 22 டிகிரி. ராயபுரத்தில் மே மாத மாலையில் 33, 34. வெப்பம் பத்து டிகிரி உயர்ந்தால் ஈஸ்ட்டின் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். அவர்களுக்கு ஒன்றரை மணி நேரம் என்றால் நமக்கு முக்கால் மணி நேரம். வேகமாக நொதித்தால் சுவை குறையும், புளிப்பு ஏறும், வலை தளர்ந்து வாயுவைத் தாங்க முடியாமல் போகும்.

பேக்கரி மாஸ்டர்கள் இதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். பிசைந்த மாவு 27 டிகிரியில் இருக்க வேண்டும் என்று வையுங்கள். 27-ஐ மூன்றால் பெருக்கினால் 81. அதிலிருந்து அறையின் வெப்பம், மாவின் வெப்பம், பிசைவதால் ஏறும் சூடு மூன்றையும் கழித்தால் கிடைப்பது தண்ணீரின் வெப்பம். அறை 33, மாவு 33, கைப்பிசைவுக்கு 2. கழித்தால் மிச்சம் 13. அதாவது பிரிட்ஜ் தண்ணீர் வேண்டும். மண்பானைத் தண்ணீர் போதாது. கடலோரக் காற்று ஈரமாக இருப்பதால் பானையிலிருந்து நீர் ஆவியாவது மந்தமாகி, பானை அவ்வளவாகக் குளிர்வதில்லை.

நமக்கான விதி இதுதான்: 250 கிராம் மாவுக்கு ஈஸ்ட் 3 கிராம் போதும், தண்ணீர் சில்லென்று இருக்கட்டும். இரவில் பிசைந்து பிரிட்ஜில் வைத்துக் காலையில் சுடுவதானால் ஒரு கிராமே போதும். குளிரில் மெதுவாக நொதிக்கும் மாவுக்குத்தான் மணம் அதிகம்.

ஏழு சதவீதம்

இப்போது நெருப்பு. அடுப்புக்குள் போன மாவு 60 டிகிரியை நெருங்கும்போது ஈஸ்ட் இறக்கிறது. அதற்குள் வாயு விரிந்து மாவு கடைசியாக ஒருமுறை எழும்பும். 60-லிருந்து மாவுச்சத்து தண்ணீரைக் குடித்து இறுகுகிறது. 70-ஐத் தாண்டியதும் குளூட்டன் வலை கெட்டிப்படுகிறது. உள்பகுதி 95 டிகிரி தொட்டால் பிரெட் வெந்துவிட்டது. மேல்தோல் மட்டும் காய்ந்து 140 டிகிரிக்கு மேல் போகும். அங்கேதான் சர்க்கரையும் புரதமும் வினைபுரிந்து பழுப்பு நிறமும் பேக்கரி வாசனையும் பிறக்கின்றன. 1912-இல் இந்த வினையை விளக்கிய பிரெஞ்சு வேதியியலர் மய்யார் பெயரால் அது மய்யார் வினை.

ஒரு பிரெட் வேக உண்மையில் எவ்வளவு வெப்பம் தேவை? மாவு உருண்டை 440 கிராம். அதை 30 டிகிரியிலிருந்து 97 டிகிரிக்கு ஏற்ற 80 கிலோஜூலுக்குச் சற்று மேல். வேகும்போது ஆவியாகும் 45 கிராம் தண்ணீருக்கு சுமார் 100 கிலோஜூல். ஆக மொத்தம் 185. மின்சார மொழியில் சொன்னால் 0.05 யூனிட். காசுக் கணக்கில் கால் ரூபாய்.

ஆனால் ஓடிஜி எனப்படும் 1500 வாட் மின்சார அடுப்பைச் சூடேற்றி அரை மணி நேரம் சுட்டு முடிக்கும்போது மீட்டர் ஓடியிருப்பது சுமார் 0.75 யூனிட். பதினைந்து மடங்கு! அதாவது நாம் காசு கொடுத்த வெப்பத்தில் ஏழு சதவீதம்தான் பிரெட்டுக்குள் போகிறது. மீதி அடுப்பின் தகரத்தைச் சூடாக்கி, கண்ணாடி வழியே கசிந்து, ஏற்கெனவே புழுங்கும் சமையலறையில் கலந்துவிடுகிறது.

பெரிய ஆலை ஏன் என்ற கேள்விக்கு விடை இங்கே இருக்கிறது. ஆலையின் சுரங்க அடுப்பு நாள் முழுவதும் சூடாகவே இருக்கும். நகரும் பட்டையில் ஒரு பிரெட் வெளியே வர, அடுத்தது உள்ளே போகும். சூடேற்றும் செலவை ஆயிரக்கணக்கான பிரெட்டுகள் பங்கு போட்டுக்கொள்கின்றன. பழைய விறகு பேக்கரியின் செங்கல் அடுப்பும் இதே கணக்கில்தான் இயங்கியது. நெருப்பை அணைத்த பிறகும் செங்கல் பல மணி நேரம் சூட்டைப் பிடித்து வைத்திருக்கும். உச்ச சூட்டில் பிரெட், சற்றுத் தணிந்ததும் பன், இன்னும் தணிந்ததும் பிஸ்கட், கடைசி மிச்சச் சூட்டில் ரஸ்க்கும் பொறையும் காயும். டீயில் முக்கிச் சாப்பிடும் பொறை, ஒரு துளி வெப்பத்தையும் வீணாக்காத கைத்தொழிலின் பிள்ளை.

ரூபாயும் பைசாவும்

கணக்கைப் போடுவோம். விலைகள் கடைக்குக் கடை மாறும். உங்கள் தெரு விலையை இட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். மைதா கிலோ 48 ரூபாய் என்றால் 250 கிராமுக்கு 12. ஈஸ்ட் 100 கிராம் 80 ரூபாய் என்றால் 3 கிராமுக்கு 2 ரூபாய் 40 காசு. எண்ணெய், சர்க்கரை, உப்பு எல்லாம் சேர்த்து 2 ரூபாய் 20 காசு. பொருளுக்கு 16 ரூபாய் 60 காசு. மின்சாரம் யூனிட் 5 ரூபாய் என்று கொண்டால் 3 ரூபாய் 75 காசு. ஆக 20 ரூபாய் 35 காசு. கடையில் 50. கையில் மிச்சம் ஏறக்குறைய 30 ரூபாய்.

நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அடுப்பு சும்மா வரவில்லையே. ஓடிஜி 5000 ரூபாய் என்றால், அந்தப் பணத்தை மீட்க சுமார் 170 பிரெட் சுட வேண்டும். வாரத்துக்கு மூன்று சுட்டால் ஓராண்டுக்கு மேல். வாரத்துக்கு ஒன்று என்றால் மூன்று ஆண்டுக்கு மேல். நான்கைந்து முறை சுட்டுவிட்டு அலமாரி மேல் ஏற்றிவிட்டால், அந்த வீட்டுப் பிரெட் ஒவ்வொன்றும் ஆயிரம் ரூபாய்.

இன்னொன்று மின்கட்டணம். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். பயன்பாடு ஏற ஏறக் கட்டணப் படியும் ஏறும். ஏசி ஓடும் கோடையில் ஏற்கெனவே விளிம்பில் நிற்கும் வீடு, அடுப்பால் 500 யூனிட்டைத் தாண்டினால் மொத்தக் கணக்கே வேறு.

மூன்றாவது நஷ்டம் கண்ணுக்குத் தெரியாதது: வீணாவது. பிரெட் ஆறியதும் மாவுச்சத்து மூலக்கூறுகள் மறுபடி அடுக்கடுக்காகச் சேர்ந்து விறைக்கத் தொடங்கும். காய்ந்துபோவதாக நாம் நினைப்பது பெரும்பாலும் இந்த விறைப்புதான். பிரிட்ஜின் 4 டிகிரி அதற்கு மிகவும் வாகான வெப்பநிலை. பிரெட்டைப் பிரிட்ஜில் வைத்தால் பூசணம் தள்ளிப்போகும், ஆனால் விறைப்பு விரைவாகும். வெளியே வைத்தால் நம் ஈரக்காற்றில் மூன்றாம் நாள் பச்சைப் புள்ளி. கடை பிரெட்டில் பூசணத்தைத் தடுக்கப் பெரும்பாலும் கால்சியம் புரோப்பியோனேட் இருக்கும், வீட்டில் இல்லை. வழி ஒன்றுதான்: ஆறியதும் துண்டு போட்டு, அன்றைக்கு வேண்டியது போக மீதியை ஃபிரீசரில் வையுங்கள். வேண்டும்போது தோசைக்கல்லில் வாட்டினால், விறைத்த மாவுச்சத்து சூட்டில் மறுபடி இளகும்.

வீட்டுக்கு ஒரு பெரிய ஆதாயமும் இருக்கிறது: நேரம். 1961-இல் இங்கிலாந்தின் சோர்லிவுட் ஆய்வகம், அதிவேக இயந்திரப் பிசைவால் மணிக்கணக்கான நொதிப்பை நிமிடங்களாகச் சுருக்கும் முறையை உருவாக்கியது. உலகின் பல ஆலைகள் அவ்வழியே சென்றன. நேரத்தைக் குறைக்க மாவு வலுவூட்டிகள் தேவைப்பட்டன. அவற்றில் ஒன்று பொட்டாசியம் புரோமேட். 2016 மே மாதம் டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம், தான் சோதித்த 38 மாதிரிகளில் 84 சதவீதத்தில் பொட்டாசியம் புரோமேட்டோ அயோடேட்டோ இருந்ததாகச் சொன்னது. அடுத்த மாதமே உணவுப் பாதுகாப்பு ஆணையம் புரோமேட்டைத் தடைசெய்தது. இரவு முழுவதும் பிரிட்ஜில் ஊறும் வீட்டு மாவுக்கு அந்த வலுவூட்டி எதுவும் வேண்டாம். வலைக்கு வலுவைக் காலமே தருகிறது.

இட்லிப் பானையின் அறிவு

அடுப்பு வாங்காமல் பிரெட் செய்ய முடியுமா? முடியும். அதற்கான கருவி எல்லார் வீட்டிலும் இருக்கிறது: இட்லிப் பானை.

ஒரு கிராம் நீராவி ஓர் உணவின் மேல் பட்டுத் தண்ணீராக மாறும்போது சுமார் 2257 ஜூல் வெப்பத்தை அதற்குக் கொடுத்துவிடுகிறது. ஒரு கிராம் சூடான காற்று நூறு டிகிரி குளிர்ந்தாலும் தருவது சுமார் 100 ஜூல்தான். இருபது மடங்குக்கு மேல் வித்தியாசம். 200 டிகிரிக் காற்றில் அரை மணி நேரம் வேகும் மாவு, சின்னச் சின்ன உருண்டைகளாக இருந்தால் 100 டிகிரி ஆவியில் கால் மணி நேரத்துக்குள் வெந்துவிடுவதன் ரகசியம் இது. சீனர்கள் கோதுமை மாவை இப்படித்தான் காலங்காலமாக ஆவியில் வேகவைத்துச் சாப்பிடுகிறார்கள்.

பிசைந்து எழும்பிய மாவை எலுமிச்சை அளவு உருண்டைகளாக்கி, எண்ணெய் தடவிய இட்லித் தட்டுக் குழிகளில் வையுங்கள். இருபது நிமிடம் மறுபடி உப்பட்டும். ஆவி நன்றாக வந்ததும் 12 நிமிடம் வேகவையுங்கள். அணைத்தவுடன் மூடியைத் திறக்காமல் இரண்டு நிமிடம் விடுங்கள். சட்டென்று திறந்தால் சுருங்கிவிடும். சிலிண்டர் 900 ரூபாய் என்று வைத்தால் கிலோ எரிவாயு 63 ரூபாய். ஓர் ஈடுக்குச் செலவு 3 ரூபாய்க்குள் அடங்கும். அடுப்பு முதலீடு பூஜ்யம்.

இதில் ஒரு குறை உண்டு. ஆவி 100 டிகிரியைத் தாண்டாது; மய்யார் வினைக்கு 140 வேண்டும். எனவே பன் வெள்ளையாக, வாசனை குறைவாக இருக்கும். அதைக் குறுக்கே வெட்டி, துளி நெய்யோடு தோசைக்கல்லில் வெட்டிய பக்கத்தை அழுத்தி எடுத்தால் அந்தப் பழுப்பும் மணமும் இரண்டு நிமிடத்தில் வந்துவிடும்.

ரேஷன் கடையில் அரிசிக்குப் பதிலாகக் கோதுமை வாங்கும் வீடுகளுக்கு மாவுச் செலவும் இறங்கும். மாவு மில்லில் அரைக்கும் கூலிதான். ஆனால் முழுக் கோதுமையின் தவிடு கத்தி போல குளூட்டன் வலையை அறுக்கும். எனவே பாதி கோதுமை மாவு, பாதி மைதா கலந்து, தண்ணீரைச் சற்றுக் கூட்டி, அரை மணி நேரம் ஊறவிட்டுப் பிசையுங்கள். தவிடு நீரில் இளகினால் வெட்டு குறையும். பன் கொஞ்சம் கனமாக வரும்; பசி அதிக நேரம் தாங்கும்.

தீர்ப்பு

வீட்டில் பிரெட் செய்தால் காசு மிச்சமா? வாரத்துக்கு இரண்டு மூன்று பிரெட் தின்று தீர்க்கும் குடும்பம், ஏற்கெனவே அடுப்பு வைத்திருந்து, ஒரே சூட்டில் இரண்டு பிரெட் சேர்த்துச் சுட்டால் நிச்சயம் மிச்சம். அடுப்பு இல்லாத வீடு மிச்சம் பிடிப்பதற்காக அடுப்பு வாங்க வேண்டாம். இட்லிப் பானையில் தொடங்குங்கள். மாதத்துக்கு ஒரு பாக்கெட் வாங்கும் வீடு கடையிலேயே வாங்கட்டும், முடிந்தால் தெருமுனை பேக்கரியில். அந்த அடுப்பு எப்படியும் எரிந்துகொண்டிருக்கிறது. உங்கள் பிரெட்டுக்கு அதில் விழும் நெருப்புப் பங்கு மிகச் சிறியது.

மாவு எங்கும் மலிவு. விலையின் வித்தியாசம் அடுப்பிலும் நெருப்பிலும் இருக்கிறது. எத்தனை பேர் ஒரே நெருப்பைப் பங்கு போடுகிறார்கள் என்பதே ஒரு ரொட்டியின் விலை. ஒரே ஆவியில் பதினாறு இட்லி எடுக்கும் நம் வீட்டுப் பெண்கள் இந்தக் கணக்கை எழுதாமலே அறிந்திருந்தார்கள். அடுத்த முறை இட்லிப் பானையை ஏற்றும்போது, ஒரு தட்டில் மட்டும் கோதுமை உருண்டைகளை வைத்துப் பாருங்கள். நெருப்பு ஏற்கெனவே எரிகிறது. அதில் இன்னொரு தட்டுக்கும் இடமிருக்கிறது.